உறையோடு கிடந்த அங்கிகள்

எனக்கு நீந்தத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து சொல்லிக் காட்ட வேண்டாம். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமையும், பௌர்ணமி விடுமுறையான போயா நாளும் படகுத்துறையில் நின்றுகொண்டு, உயிர்காப்பு அங்கியைப் போடுங்கள், வாரைக் கட்டுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறவனுக்கு நீந்தத் தெரியாது. நீந்தத் தெரிந்தவனுக்குத் தண்ணீர் மேல் ஒரு அலட்சியம் இருக்கும். எனக்குப் பயம்தான் இருக்கிறது. பயந்தவன்தான் கத்துவான்.

துறையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே நான்கு பேர் என் கடை வாசலில் வந்து நிற்பார்கள். கண்டியிலிருந்து கிழக்கே, மகாவலி ஆற்றை மறித்துக் கட்டிய தண்ணீரின் ஒரு கையில் அது இருக்கிறது. இந்தக் கரையில் பஸ் ரோட்டும் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும். அந்தக் கரையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கடைசி டிவிஷனும் அதை ஒட்டிய ஒரு கிராமமும். படகில் பத்து நிமிடம். ரோட்டில் சுற்றினால் தோட்டத்து லொறி, அதற்குப் பிறகு இரண்டு பஸ், எப்படியும் இரண்டரை மணித்தியாலம். யார் ரோட்டில் போவார்கள்?

என் அக்கா அந்தக் கரையில் இருக்கிறாள். இந்தக் கரைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிறாள். சனியும் ஞாயிறும் போயாவும் தவிர ஒவ்வொரு நாளும் ஐந்தரை மணிப் படகில் வருவாள், மத்தியானம் திரும்புவாள். அவள் உயிரோடு கரையேற வேண்டும். எனக்கு வேறு கொள்கை, சமூக சேவை, மண்ணாங்கட்டி எதுவும் கிடையாது. என்னைத் தொண்டன் என்று மேடையில் சொன்னவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள்.

எனக்குத் தொழில் குஷன் வேலை. திகனைப் பக்கம் சின்னக் கடை. த்ரீவீலர் சீட், வேன் சீட், எப்போதாவது ஒரு பஸ். ரெக்சினும் ஸ்பொஞ்சும் அக்குறணையில் எடுப்பேன். ஒருநாள் வெள்ளை முடியோடு நிமிர்ந்த நடையாக ஒருவர் வந்தார். கடற்படையில் வேலை செய்து ஓய்வு பெற்று, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் துறையில் பிள்ளைகளுக்கு நீந்தப் பழக்குகிறவர். சிங்களவர். திருகோணமலையில் கற்றுக்கொண்ட தமிழைக் கையில் வைத்திருந்தார். ஏழு உயிர்காப்பு அங்கிகளை மேசையில் போட்டு, தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, "மல்லி, இதுக்கு பட்டி எல்லாம் அறுந்திருக்கு. தைச்சுத் தர ஏலுமா?" என்றார்.

ஒன்றைக் கையில் எடுத்து அமுக்கினேன். பஞ்சை அமுக்கிப் பிழைக்கிற கை இது. உள்ளே போன விரல் வேறு மாதிரித் தெரிந்தது. கத்தியால் தையலைப் பிரித்தேன். உள்ளே இருந்தது நான் சீட்டுக்குப் போடுகிற அதே ஸ்பொஞ்ச். மஞ்சள், மலிந்தது. தண்ணீர் வாளியில் போட்டேன். மூன்று நிமிடத்தில் அது வாளியில் பாதியைக் குடித்துவிட்டு அடியில் உட்கார்ந்தது.

அவர் வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இத போட்டு நான் ஸ்கூல் பிள்ளைகள தண்ணியில எறக்கினேன் தானே," என்றார்.

ஏழில் நான்கு அப்படி. எந்தக் கடையில் வாங்கினார், எவன் விற்றான் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். உயிரைக் காப்பாற்றும் என்று எழுதி ஒட்டி, ஊறிப் போகிற பஞ்சை உள்ளே வைத்துத் தைத்தவன் ஒரு தையல்காரன். என் தொழில்காரன். அந்த ஆத்திரம்தான் என்னை அவரோடு துறைக்கு அனுப்பியது. தண்ணீர் குடிக்காத ஃபோமை வெட்டி வைத்து ஏழையும் தைத்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

துறையில் எல்லாரும் அவரை மாத்தயா, சிங்களத்தில் ஐயா, என்பார்கள். அவருக்கு வழி ஒன்று உண்டு. பேசமாட்டார், செய்து காட்டுவார். அங்கியை மாட்டிக்கொண்டு துறைக் கல்லிலிருந்து தண்ணீரில் குதித்து, மல்லாந்து கிடப்பார். கையைக் காலை ஆட்டமாட்டார். சும்மா கிடப்பார். சனம் கைதட்டும். ஃபோனில் வீடியோ எடுக்கும். பிறகு அங்கி இல்லாமல் படகில் ஏறிப் போய்விடும்.

"மாத்தயாவுக்கு நல்லா மெதக்கத் தெரியுது," என்பார்கள். "நம்ம ஒடம்பு கனம். மெதக்காது."

அங்கிதான் மிதக்கிறது, மாத்தயா இல்லை என்று நான் கத்துவேன். ஒரு பெண் திரும்பி, "ஏற்கெனவே ஒரு ஜாக்கெட்டு போட்டுத்தான் வந்திருக்கோம், இதுக்கு மேல இன்னொன்னா?" என்பாள். படகே சிரிக்கும். கடைத்தெருவுக்கு வந்து திரும்புகிற அக்காவும் சிரிப்பாள். அவள் சிரிப்பதுதான் எனக்கு மிகவும் எரியும்.

படகோட்டி ஒரு முஸ்லிம் மனிதர். எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்போம். தண்ணீருக்குப் பிறந்தவர் மாதிரி இருப்பார். அவரிடம் தனியே கேட்டேன், நீங்கள் சொன்னால் கேட்பார்களே என்று.

"நான் மிச்சம் தரம் செல்லிட்டேன் தம்பி," என்றார். "ஆரு கேக்குற? கரச்சல் குடுத்தா நாளைக்கு வேற போட் வச்சிருவாங்க. எனக்கும் ஊட்டுல அடுப்பு எரியணும்."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படகில் அங்கியும் இல்லை. எங்களிடம் இருந்தது அந்த ஏழுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கட்டாயப்படுத்தி ஏழு பேருக்கு மாட்டுவோம். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

பிறகு அங்கிகள் வந்தன. கொழும்பிலிருந்து ஒரு கூட்டத்தார் இருபத்தைந்து அங்கிகள் கொடுத்தார்கள். நல்ல அங்கிகள். நானே ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தேன், ஒன்றைத் தண்ணீரில் ஒரு நாள் போட்டும் பார்த்தேன். குத்துவிளக்கு ஏற்றினார்கள். மாலை போட்டார்கள். கடற்படைக்காரருக்கும் எனக்கும் கூட ஆளுக்கு ஒரு மாலை. பேச்சுகள். படம். அந்தப் படத்தில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அந்தக் கரைக் கோயில் கமிட்டியின் செயலாளர் அங்கிகளைப் பொறுப்பெடுத்தார். தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளாக்கரய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்ட மனிதர் இல்லை. கோயிலில் ஒரு தீப்பெட்டி காணாமல் போகாது, அவ்வளவு கவனம். அந்தக் கவனத்தோடு இருபத்தைந்து அங்கிகளையும் பொலித்தீன் உறையோடு கோயில் மண்டபத்து அலுமாரியில் அடுக்கி, பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு நோய். புதுக் கதிரை வாங்கினால் பொலித்தீனைக் கிழிக்கமாட்டோம். வேர்த்து, ஒட்டி, கிழிந்து தொங்கும்வரை அதன் மேல்தான் உட்காருவோம். புது வேன் சீட்டுக்கு நான் ரெக்சின் போட்டுக் கொடுத்தால், அதற்கு மேல் இன்னொரு உறை கேட்பார்கள். அந்த நோயில் என் வீட்டுக்கும் சோறு வருகிறது, தெரியும். ஆனால் சீட்டை உறையில் வைத்தால் சீட்டுக்குத்தான் மூச்சு முட்டும். அங்கியை உறையில் வைத்தால் மனிதனுக்கு.

பெரிய ஆட்கள் யாராவது வந்தால் அலுமாரி திறக்கும். இருபத்தைந்தையும் மண்டபத்து மேசையில் வரிசையாக வைப்பார்கள். வந்தவர்கள் தலையாட்டிப் போனதும் உள்ளே போய்விடும். ஒரு வருடம் இப்படி. நான் ஞாயிறு தவறாமல் கிளாக்கரய்யாவிடம் சண்டை பிடித்தேன்.

"படகுல போட்டா அழுக்காயிரும் தம்பி," என்றார். "ஒருத்தர் போட்டா அப்புறம் மத்தவங்க தொடமாட்டாங்க. எனக்கு நம்ம சனத்தப் பத்தித் தெரியும்."

"செத்தா மட்டும் அழுக்கில்லாம சாகலாமா?"

"வாய அடக்கிப் பேசுங்க. கோயில்ல நிக்கிறீங்க."

கடைசியில் கடற்படைக்காரர் போய் நயமாகப் பேசி ஒரு உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். அங்கிகள் படகில் கிடக்கலாம். ஆனால் உறையைக் கிழிக்கக் கூடாது. ஆபத்து வந்தால் கிழித்துப் போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு அதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. தண்ணீருக்குள் போனவன் எதைக் கொண்டு கிழிப்பான், பல்லாலா? கடற்படைக்காரர் என் தோளைப் பிடித்தார். "மல்லி, மொதல்ல அது படகுக்குள்ள வரட்டும். பொறகு உறை. மெதுவா." அவருக்கு எல்லாம் மெதுவா. முப்பது வருடம் கடலில் இருந்த மனிதனுக்கு அவசரமில்லை. எனக்கு இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒருநாள் நான் வாயை மூடியதற்குத்தான் இன்றுவரை என்மேல் எனக்குக் கோபம்.

அங்கிகள் படகுக்கு வந்தன. சனம் அவற்றின் மேல் உட்கார்ந்தது. படகின் பலகை எப்போதும் ஈரம். அங்கி மெத்தென்று இருந்தது, பொலித்தீன் இருந்ததால் ஈரமும் ஏறவில்லை. நான் ஊருக்கெல்லாம் குஷன் செய்கிறவன். என்னைக் கேட்காமலே அந்தப் படகுக்குக் குஷன் போட்டுவிட்டார்கள்.

அந்த வருடம் கோயில் திருவிழா காற்றுக் காலத்தில் வந்தது. எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மத்தியானம் தாண்டினால் மலை இடுக்கு வழியாகக் காற்று இறங்கும். குளம்தானே என்று நினைக்கிறவன் அந்த நேரத்தில் துறையில் வந்து நின்று பார்க்க வேண்டும். அலை கல்லில் அடித்து முகத்தில் தெறிக்கும்.

பகல் மூன்று மணி இருக்கும். இந்தக் கரையில் ஒரே கூட்டம். எல்லாரும் புதுத் துணி. அக்கா காலையில் வந்து பூ வாங்கிக்கொண்டு, இரண்டு கூடைகளோடு நின்றாள். பன்னிரண்டு பேருக்கான படகில் பத்தொன்பது பேர் ஏறினார்கள். நானா கையை விரித்தார். நான் தண்ணீருக்குள் இறங்கி, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். ஏழு பேர் இறங்குங்கள், அடுத்த நடையில் போகலாம். ஒருவரும் அசையவில்லை.

"அக்கா, நீயாவது ஒன்ன எடுத்துக் கட்டு."

"பூ நசுங்கிரும்டா. விடு, பூசைக்கு நேரமாச்சு."

"நீ நசுங்குனா பரவால்லையா?"

"நல்ல நாள்ல நல்ல வார்த்தை பேசு."

யாரோ ஒருவர் என் கையை விளிம்பிலிருந்து எடுத்துவிட்டார். படகு போனது.

நானும் கடற்படைக்காரரும் எங்கள் படகில் பின்னால் போனோம். ஹார்ட்வெயார் கடைக்காரர் ஒருவர் துறை வேலைக்கென்று விட்டிருக்கிற சின்னப் படகு அது. கடற்படைக்காரர் எஞ்சினைப் பிடித்தார். நான் முன்னால் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன்.

பாதித் தூரம் போயிருக்கும். உட்கார்ந்து உட்கார்ந்து பிய்ந்து போயிருந்த உறைகளைக் காற்று பிடுங்கத் தொடங்கியது. முன் படகிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பொலித்தீன் பறந்தது. தூரத்திலிருந்து பார்க்கக் கொக்குகள் மாதிரி. ஒன்று தண்ணீரில் விழுந்து படகின் பின்பக்கம் போனதைப் பார்த்தேன். அவ்வளவுதான். எஞ்சின் ஒரு தரம் இருமியது, நின்றது. நானா எஞ்சினைத் தூக்கினார். விசிறியில் பொலித்தீன், பிழிந்த துணி மாதிரிச் சுற்றிக் கிடந்தது.

எஞ்சின் நின்ற படகைக் காற்று சும்மா விடாது. பக்கவாட்டில் திருப்பியது. முதல் அலை உள்ளே வந்தது. புதுத் துணி நனைந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். ஒரே பக்கம் எழுந்தார்கள். நானா "இரிங்க, இரிங்க" என்று கத்துவது எங்களுக்குக் கேட்டது. படகு கவிழவில்லை. சரிந்து, ஒரு வாய் தண்ணீர் அள்ளி, ஆறு பேரைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தது.

அங்கிகளும் தண்ணீரில் விழுந்தன. நன்றாகத்தான் மிதந்தன. உள்ளே ஆள்தான் இல்லை. கிழியாமல் இருந்த உறைகளுக்குள் காற்று நிறைந்து பந்து மாதிரி உருண்டு போயின. ஒருவர் ஒன்றைக் கட்டிப் பிடித்தார். பொலித்தீன் வழுக்கி அது கையை விட்டு ஓடியது. மறுபடி பிடித்தார். மறுபடி ஓடியது. அதை நான் இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடற்படைக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குதித்தார். அறுபது தாண்டிய மனிதன். ஒருவர் பின் ஒருவராகத் தள்ளிக்கொண்டு வந்தார், நான் இழுத்துப் போட்டேன். அக்காவைக் காணவில்லை. பிறகு கண்டேன். சேலை காலில் சுற்றிக்கொண்டது போல. முகம் வந்தது, போனது. கயிற்றை எறிந்தேன். காற்று அதைத் திருப்பி என்மேலேயே போட்டது. இரண்டாவது தரமும் அப்படியே. மூன்றாவது தரம் அவள் தோள் மேல் விழுந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை, பிடிக்கிற நிலையில் இல்லை. படகு தானாக அவள் பக்கம் ஒதுங்கியது. கையை விட்டுத் துழாவினேன், கொண்டை கிடைத்தது. இழுத்தேன். நான் செய்த காரியம் அவ்வளவுதான். மாலை போட்டவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும், ஒரு தொண்டன் தன் அக்காவின் மயிரைப் பிடித்து இழுத்ததை.

ஒருவரும் சாகவில்லை. அக்கா மட்டும் நுரையீரலில் தண்ணீர் போய் இரண்டு நாள் கண்டியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒருவரும் சாகவில்லை என்பதுதான் பெரிய கேடாகப் போனது. செத்திருந்தால் யாருக்காவது புத்தி வந்திருக்கும் என்று சொல்ல வாய் வருகிறது. செத்திருந்தால் அது என் அக்காவாக இருந்திருக்கும். அதனால் சொல்லவில்லை.

"ஆத்தா காப்பாத்திட்டா," என்றார் கிளாக்கரய்யா, ஆஸ்பத்திரி வராந்தாவில்.

"ஆத்தாவுக்கு நீந்தத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது," என்றேன். அவர் திருநீறு பூச வந்த கையை இழுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரைக்குப் போனேன். கோயில் மதில் மேல் அங்கிகள் காய்ந்துகொண்டிருந்தன. இருபத்திரண்டு. மூன்றைக் காற்று கொண்டுபோய்விட்டது. மண்டபத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து, காய்ந்த அங்கி ஒவ்வொன்றையும் புதுப் பொலித்தீனில் போட்டு, விளிம்பை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கிளாக்கரய்யா பக்கத்தில் நின்று மேற்பார்வை. இந்தத் தரம் தடிப்பான பொலித்தீன் என்று எனக்கு எடுத்துக் காட்டினார். லேசில் கிழியாதாம்.

நான் ஃபோனில் படம் எடுத்தேன். அன்று பின்னேரமே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். எத்தனை பேர் ஏறினார்கள், அங்கி எங்கே இருந்தது, எஞ்சின் எதனால் நின்றது, எல்லாம். திங்கட்கிழமை கொண்டுபோய் பிரதேச செயலக அலுவலகத்தில் கொடுத்தேன். கடற்படைக்காரரைக் கேட்கவில்லை. கேட்டால் மெதுவா என்பார்.

பத்து நாளில் அங்கிருந்து ஆட்கள் வந்து படகை நிறுத்தினார்கள்.

"மல்லி," என்றார் கடற்படைக்காரர், "படகு நிண்டா தண்ணியில ஆரும் சாகமாட்டாங்க. ஹரி, அது சரி. ரோட்டுல எப்பிடி வருவாங்க எண்டு யோசிச்சதா?"

யோசிக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து அக்கா ஃபோனில் கூப்பிட்டாள். ரோட்டில் வந்தால் எட்டரை ஆகிறது, ஏழு மணிக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். மாத முடிவுக்குள் நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஆள் போடுவதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

"எழுதிப் போட்டது நீதானே?"

"நான்தான்."

"சந்தோசமா இருக்கியா?"

"நீ உசுரோட இருக்க. அது போதும்."

"வேலை இல்லாம உசுர வச்சிக்கிட்டு என்னாடா செய்யச் சொல்ற? ஒன் கடை வாசல்ல வந்து குந்தவா?" மூச்சு வாங்கினாள். இன்னும் நெஞ்சு சரியாகவில்லை என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது. "ஆறு வருசமாக் கத்துற. போடு போடுங்கிற. ஏன் போடலன்னு ஒருநாளாச்சும் கேட்டியா?"

"என்னாத்தக் கேக்குறது? திமிரு."

"ஊரான் வேர்வைடா அது. நீ ஞாயித்துக்கெழம மாட்டி விடுற அந்த ஏழும் நாறுது. எவன் எவனோ போட்டுக் கழட்டுனது. நான் விடியக் குளிச்சி, துன்னூறு பூசி, புள்ளைங்களுக்குச் சமைக்கப் போறவ. அத நெஞ்சோட கட்டிக்கிட்டுப் போவேனா? இங்க இருக்கிற ஒரு பொம்பளையக் கேளு. எல்லாரும் இதத்தான் சொல்லுவாளுக. நீங்க ரெண்டு ஆம்பளைங்க தண்ணியில மெதந்து காட்டுனீங்க. கேட்டீங்களா?"

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

இரண்டு நாள் கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. அவள் சொன்னதில் எனக்குச் சம்மதமில்லை. வேர்வையைவிடத் தண்ணீரா மேல்? ஆனால் கிளாக்கரய்யாவும் இதைத்தானே சொன்னார், ஒருவர் போட்டால் மற்றவர் தொடமாட்டார் என்று. அன்றைக்கு என் காதில் ஏறவில்லை. அவரோடு சண்டை பிடிக்கிற அவசரத்தில் இருந்தேன். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. என்மேல் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் கொட்டன் துணியை எடுத்து வெட்டினேன். கையில்லாத சட்டை மாதிரி ஒன்று. கழுத்தில் மாட்டி, பக்கத்தில் நாடா. அதைப் போட்டு அதன் மேல் அங்கியைக் கட்டினால் அங்கி உடம்பில் படாது. அவரவருடையது அவரவருக்கு. வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக்கொள்ளலாம். தினமும் போகிறவர்கள் முப்பது சொச்சம் பேர். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிற நூலில் தையல் போட்டேன், மாறிப் போகாமல் இருக்க. நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன். மெஷின் ஊசி மூன்று உடைந்தது.

மாத முடிவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது கோயில் மண்டபத்தில் கூட்டம். அலுவலகத்திலிருந்து வந்தவர் படகை ஓட விடுவதற்கு நிபந்தனைகளைச் சொன்னார். பன்னிரண்டு பேர், எல்லாருக்கும் அங்கி. நானா எழுந்தார்.

"கடைசி ஆளு பட்டி கட்டுறவரைக்கும் நான் எஞ்சின் இழுக்க மாட்டேன். அல்லாவுக்காகச் செல்றேன். ஆனா கட்டுங்கன்னு சண்டை புடிக்க எனக்கு ஏலா. அதுக்கு இவர் வரட்டும்," என்று என்னைக் காட்டினார். "இவருக்குத்தான் ஏச்சு வாங்கிப் பழக்கம்."

வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? கொட்டன் சட்டைகளை மேசையில் போட்டேன். பெண்கள் வந்து புரட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி முகர்ந்தும் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று ஒருத்தியும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றும் மேசையில் மிஞ்சவில்லை.

கிளாக்கரய்யா மட்டும் சாவியைக் கொடுக்க மறுத்தார். "இது கோயில் சொத்து. பொறுப்பு என்னோடது. துறையில தொங்கப் போட்டா ஒரு மாசத்துல நாசமாயிரும்."

நான் வாயைத் திறக்கு முன்பே ஒரு பெண் சொன்னாள், "சாவியக் குடுங்க ஐயா. நாளைக்கி நாங்க வேலைக்கிப் போகணும்." இன்னொருத்தி, "ஒங்களுக்குப் பென்சன் வருது, எங்களுக்கு யாரு குடுக்குறா?" என்றாள். பிறகு மண்டபமே பேசியது. அவர் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை.

அதிலிருந்து விடியப்புறம் ஐந்து மணிக்கு நான் துறையில் நிற்கிறேன். நானாவோடு இருட்டு கலைவதற்குள் அந்தக் கரைக்குப் போக வேண்டும், அவர்களோடு திரும்பி வர வேண்டும். கிழமைக்கு இரண்டு நாள் கடற்படைக்காரர் வருவார். மற்ற நாள் நான். நீந்தத் தெரியாதவன் நாளுக்கு இரண்டு தரம் அந்தத் தண்ணீரைத் தாண்டுகிறேன். ஏச்சு வாங்குகிறேன். "பொலிஸ்காரன் வந்துட்டான்" என்பார்கள். ஒருவர் நாடாவைக் கட்டாமல் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு ஏமாற்றுவார். கொட்டன் சட்டையை மறந்துவிட்டேன், இன்று ஒருநாள் என்பார்கள். ஒருநாளும் கிடையாது. தோளைப் பிடித்துத் தள்ளியும் இருக்கிறார்கள், தண்ணீரில் விழுந்தும் இருக்கிறேன், முழங்கால் அளவில்.

அக்கா வருவாள். சட்டையைப் போடுவாள், அங்கியைக் கட்டுவாள், போகிற கரையைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். என்னைப் பார்க்கமாட்டாள். நான் வாரை இழுத்துப் பார்க்கக் கிட்டப் போனால், மற்ற எல்லாருக்கும் பார்த்து முடி என்பது மாதிரி முகத்தைத் திருப்புவாள். நானும் கேட்கமாட்டேன்.

போன மாதம் ஒருநாள் கிளாக்கரய்யா வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட காற்சட்டை, கையில் ஃபைல். கண்டியில் பென்சன் விஷயமாக ஒருவரைப் பார்க்க வேண்டுமாம். படகில் ஏறி உட்கார்ந்தார். ஓர் அங்கியை எடுத்து மடியில் வைத்து, அதன் மேல் ஃபைலை வைத்துக்கொண்டார்.

"போடுங்க," என்றேன்.

"மடியிலதானே இருக்கு. ஆபத்துன்னா போட்டுக்குறேன். சட்டை கசங்கிரும் தம்பி, பெரிய எடத்துக்குப் போறேன்."

என் தலைக்குள் எதுவோ ஏறியது. எல்லாம் வாய்க்கு வந்தது. திருவிழா, பொலித்தீன், மெழுகுவர்த்தி, எல்லாம். சொல்லத் தொடங்குவதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. என்னிடம் இல்லை, அவரிடம்.

"கிளாக்கரய்யா, கட்டுங்க. எனக்கு அடுப்பு மூட்ட நேரமாவுது."

அவர் திரும்பிப் பார்த்தார். பதினொரு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானா எஞ்சின் கயிற்றைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தார். இழுக்கவில்லை. காகம் ஒன்று கத்தியது.

கிளாக்கரய்யா ஃபைலைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு அங்கியை மாட்டினார். நாடாவை எங்கே கோர்ப்பது என்று தெரியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் சாவியைப் பையில் வைத்திருந்த மனிதருக்கு அதைக் கட்டத் தெரியவில்லை. நான் எழுந்தேன். அதற்குள் அக்கா முன்னால் சரிந்து, அவருடைய நாடாவைக் கொக்கியில் கோர்த்து, அவர் "மெதுவாம்மா" என்று முனகுகிற அளவுக்கு இறுக்கி இழுத்தாள்.

"இப்ப போங்க நானா," என்றாள்.

நானா இழுத்தார். எஞ்சின் பிடித்தது. அக்கா தன் இடத்தில் உட்கார்ந்து போகிற கரையைப் பார்த்தாள். அன்றைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.